மானிட்டருக்கு யூரியா

புது மானிட்டர் வாங்கியதிலிருந்து விளையாட்டில் நான் செத்துக்கொண்டே இருந்தேன். எதிரிகள் உயரமான புல்லுக்குள் பதுங்கிச் சுடுகிறார்கள்; எனக்கு ஒருவனும் தெரிவதில்லை. பிரைட்னஸை ஏற்றினேன், கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தேன். காமா என்று ஒன்று இருந்தது. அது என்ன எழவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதையும் மாற்றினேன். ஒருவழியாக ஆட்கள் தெரிந்தார்கள். ஆனால் புல் வைக்கோல் நிறமாகிவிட்டது. புல் இப்படியா இருக்கும் என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அன்று நீடாமங்கலத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். அங்கே எங்கள் சம்பா சாகுபடி முழுக்க அவள் பொறுப்பு. திரையைப் பார்த்தவள், "என்னடா, இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று கைப்பையிலிருந்து இலை வண்ண அட்டையை எடுத்தாள். நெல் இலையை அதிலுள்ள எண் போட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் யூரியா போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். வெயில் படக்கூடாதென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையைத் திரையின் மேல் வைத்தாள்.

"ரெண்டுகூடத் தேறாது. ஏத்து."

பச்சையை ஏற்றினேன்.

"இன்னும் கொஞ்சம். ம்... நாலு. இப்பதான் பயிரு மாதிரி இருக்கு. இனிமே கைய வைக்காத."

விளையாடினேன். பச்சைப்பசேலென்ற புல்லுக்குள்ளிருந்து எவனோ சுட்டான். எங்கிருந்து என்றே தெரியவில்லை.

எது சரியான நிறம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆள் தெரிகிற மாதிரி வைத்தால் புல் செத்துப்போகிறது. புல்லைப் பிழைக்க வைத்தால் நான் செத்துப்போகிறேன்.