கூழ்க் கிடாரத்தின் மூடி

எங்கள் சங்கத்தில் கூழ் காய்ச்சும் பெரிய பாத்திரமான கிடாரத்தின் மூடியில், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு நசிவு இருக்கிறது. அது ஏற்பட்ட அன்றுதான் நான் பதவி இழந்தேன். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு வெட்கம் வரும்.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவன் நான். வரிக்குச் சம்மதிக்காத நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு, வருடக்கணக்காக அதைக் கூட்டாமலே இங்கிலாந்தை ஆண்ட முதலாம் சார்ள்ஸ் மன்னனை வகுப்பில் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஜெர்மனிக்கு வந்து, ஸ்டுட்கார்ட்டில் தமிழ்ச் சங்கத் தலைவரானதும் அவன் வழியிலேயே போனேன். கூட்டத்தைக் கலைக்கும் வேலையை மட்டும் கூழிடம் விட்டுவிட்டேன். பொதுக்கூட்டத்தில் நிர்வாகத் தெரிவு தொடங்கும் நேரம் பார்த்து, "கூழ் ஆறுது, முதல்ல குடியுங்கோ" என்பேன். நண்டும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் மணக்கிற மண்டபத்தில் யாருக்குச் சங்கத்தின் யாப்பு விதிகள் ஞாபகம் வரும்? குடித்து முடித்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார்கள். மிஞ்சிய என் கூட்டாளிகள் கை உயர்த்த, நான் மறுபடியும் தலைவர்.

இதைக் கேட்கத் துணிந்தவர் எங்கள் செயலாளர் மட்டும்தான். மருத்துவமனையில் தாதி, என்னைவிட மிக இளையவர். "அண்ணை, இந்தமுறை தெரிவை முடிச்சுப்போட்டுக் குடிப்பமே?" என்றார். "பிள்ளை, நீர் சமையலைப் பாரும். சங்கத்தை நான் பாக்கிறன்" என்றேன், எல்லோர் முன்னும். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஓம் அண்ணை, பாக்கிறன்."

சொன்னபடியே பார்த்தார். அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் வழமைபோலக் கூழுக்கு அழைத்தபோது, கிடாரத்துக்கு முன்னால் கதிரை போட்டு, அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "ஏலாது அண்ணை. வாக்கெடுப்பு முடியாமல் மூடி திறக்காது." நான் கோபத்தோடு போய் மூடியை இழுத்தேன். சூடு தாங்காமல் நழுவவிட்டேன். அது தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது. மண்டபம் முழுக்க மணம் பரவியது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மாஸ்டர், கெதியா வாக்கெடுப்பை வையுங்கோ, பசி உயிர் போகுது!" என்று கத்தினார். நாடாளுமன்றத்தை மறுபடி கூட்டும்படி மன்னனைப் பணமுடை பணியவைத்தது. என்னைச் சனத்தின் பசி. அவனுக்குத் தலை போனது, எனக்குக் கதிரை மட்டும். புதிய தலைவராகத் தெரிவான அந்தச் செயலாளர், முதல் கோப்பைக் கூழை எனக்கே கொண்டுவந்து நீட்டினார். வாங்காமல் வெளியேறினேன். தோற்றதை எப்போதோ மறந்துவிட்டேன். அவரை அவமதித்த அந்தச் சொல்லும், வாங்காத அந்தக் கோப்பையும்தான் இன்னும் உறுத்துகின்றன.

பல வருடங்கள் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் கிடாரத்துக்கு நானே காவல். இப்போதைய தலைவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்தார். "மாஸ்டர், முதல்ல கூழைக் குடுப்பம். தெரிவைப் பிறகு பாப்பம்."

நசிந்த மூடியை இரு கைகளாலும் அமர்த்திக்கொண்டேன். "ஏலாது தம்பி."

தெரிவு முடிந்தபின் முதல் கோப்பையை அந்தப் பழைய செயலாளரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. "பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை" என்றேன், எல்லோர் முன்னும்.

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்புக் காணாது அண்ணை. நீங்கள் சமையலைப் பாருங்கோ."

மண்டபமே சிரித்தது. நான் உப்போடு போய் மூடியைத் திறந்தேன்.