சிசோமோவின் தாய் உயிரோடிருந்த பகல்

சாகக் கிடந்த ஒரு தாய் தன் மகளின் குரலைக் கேட்க விரும்பினார். அந்தச் செய்தியை நான் மகளிடம் சொல்லாமல் மறைத்தேன். ஒரு விழாவுக்காக!

இதை நயமாகச் சொல்லவும் எனக்குத் தெரியும். பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். எந்தக் குற்றத்தையும் 'நிர்வாகத் தாமதம்' என்று எழுதிவிடுவேன். உங்களிடம் அப்படி எழுத மனமில்லை.

ஓய்வுபெற்ற பின்னும் என்னைக் கூப்பிட்டார்கள். ஆபிரிக்க நாடுகளின் இளம் உத்தியோகத்தர்களுக்காகத் திருகோணமலையில் பல்கலைக்கழகம் ஒரு தலைமைத்துவப் பரிமாற்றத் திட்டத்தை நடத்தியது. வந்தவர்களைக் கவனிக்கும் இணைப்பாளர் நான். விசா, தங்குமிடம், காப்புறுதி, உறைப்பில்லாத சாப்பாடு... எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை இருந்தது. அதை வகுத்தவனும் நான்தான். அவசரத்துக்கென்று அவர்களுடைய வீட்டாருக்குக் கொடுத்த தொலைபேசி இலக்கமும் என்னுடையதே.

சிசோமோ மலாவியிலிருந்து வந்தவள். கடலே இல்லாத நாட்டின் மீன்வள அதிகாரி என்று முதல்நாளே தன்னைப் பகிடி பண்ணிக்கொண்டாள். அவளுடைய ஊரில் பெரிய ஏரி. பக்கத்து மீனவக் கிராமமான சல்லியின் கரையில் கருவாடு போடும் பெண்களோடு பழகிக் கொஞ்சம் தமிழும் பிடித்துக்கொண்டாள்.

"சேர், சாப்பிட்டாச்சோ?"

"ஓம். நீங்கள்?"

"ஏலாது சேர், உறைப்பு!"

நிறைவு விழாவில் எல்லோர் சார்பிலும் பேச அவளைத்தான் தெரிவுசெய்திருந்தேன்.

விழா பிற்பகலில். அன்று காலை அவளுடைய அண்ணன், ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரின் தொலைபேசியில் இருந்து என்னை அழைத்தான். தாய்க்கு இரவிலிருந்து கடுமை, ஆனால் நினைவிருக்கிறது, தங்கையோடு பேச வேண்டும் என்கிறார். "நேரே அவளுக்கு எடுத்தால் தனியாக நின்று உடைந்துபோவாள். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள், பிறகு பேச வையுங்கள்" என்றான். அந்நிய நாட்டுக் கிழவன் ஒருவன்மீது எத்தனை நம்பிக்கை! உடனே செய்கிறேன் என்றேன்.

செய்யவில்லை.

மண்டபத்தில் கதிரைகள் அடுக்கியாகிவிட்டன. உபவேந்தர் வருகிறார். அடுத்த ஆண்டும் திட்டத்தைத் தொடரலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தொடர்ந்தால் நானும் தொடர்வேன்... கலியாண வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தால், தாலி ஏறும்வரை பெரியவர்கள் வாய்திறப்பதில்லை. உங்கள் குடும்பத்திலும் யாராவது அப்படிச் செய்திருப்பார்கள். அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தாய் சாகவில்லையே! அதை நான் கவனிக்கவில்லையா? கவனித்தேன். நன்றாகவே கவனித்தேன்.

அழைப்பு வந்தபோது பக்கத்து மேசையில் இருந்த எழுதுவினைஞர் சுமதிக்கு மட்டும் விடயம் தெரியும்.

"சேர், அந்தப் பிள்ளையைக் கூப்பிடட்டோ?"

"விழா முடியட்டும்."

"விழாவை நாளைக்கும் வைக்கலாம்தானே?"

"நாளைக்கு உபவேந்தர் இங்கை இல்லை."

"அப்ப தாயை நாளைக்குமட்டும் இருக்கச் சொல்லுங்கோவன்!"

நான் நிகழ்ச்சிநிரலை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் புறப்பட்டேன். அவள் தன் கோப்புகளுக்குத் திரும்பினாள். மேலதிகாரியை மீறக்கூடாது என்று அவளுக்குப் பழக்கியதும் நான்தான்.

சிசோமோ அழகாகப் பேசினாள். கடைசியில் தமிழில், "எங்களைப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்தீங்கள்" என்றாள். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்...

எல்லோரும் போன பிறகுதான் சொன்னேன். 'உடனே வீட்டுக்கு எடுக்கட்டாம், இப்போதுதான் அழைப்பு வந்தது' என்றேன். அவள் அண்ணனை அழைத்தாள். தாய் போய்விட்டிருந்தார். அவள் மேடையேறுவதற்குச் சற்று முன்புதானாம். மண்டபத்துத் தரையிலேயே, கதிரைகளுக்கு நடுவில் இருந்துவிட்டாள்.

அதன்பின் நான் வேகமாக இயங்கினேன். அன்றிரவே பயணச்சீட்டை மாற்றினேன், வாகனம் பிடித்தேன். புறப்படும்போது என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டேன்!

சில வாரங்களில் அவளே அழைத்தாள். "சேர், காலையிலேயே உங்களை அழைத்ததாக அண்ணன் சொல்கிறான். உண்மையா?"

"மாலையில்தான் அழைத்தார். நேர வித்தியாசத்தில் குழம்பியிருப்பார்."

மூன்றரை மணித்தியால வித்தியாசம் அவ்வளவு பெரிய பொய்யைத் தாங்காது. ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அண்ணன் பிந்தி அழைத்துவிட்டுப் பழியை என்மேல் போடுகிறான் என்று அவள் முடிவுகட்டினாள். அன்றோடு அவனுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே அண்ணன்... தாயும் இல்லை.

சுமதியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "நான் சொன்னால் கோள். நீங்கள்தான் சொல்லவேணும் சேர்" என்றாள். அதன்பின் வேலைக் கதை தவிர என்னோடு வேறு கதையில்லை.

போன மாதம் சிசோமோவிடமிருந்து ஒரு தகவல் வந்தது. அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயின் பெயரை வைத்திருக்கிறான். வந்து பார்க்கும்படி கெஞ்சுகிறானாம். 'நீங்கள் எனக்குத் தகப்பன் மாதிரி. நான் போகவா, வேண்டாமா?'

உண்மையை எழுதினேன். ஒரே வரிதான்... அதை அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். எதற்குப் பயந்தேன்? அவள் பதவி தருபவளா, பறிப்பவளா? அவளுக்கு என்மீதுள்ள மரியாதை ஒன்றுதான் எனக்கு மிச்சம். அது அவளுடைய அண்ணனுக்கு உரியது என்று தெரிந்தும் விட ஏலாமல் இருக்கிறது.

'அது உங்கள் குடும்ப விடயம், மனம் சொல்கிறபடி செய்யுங்கள்' என்று அனுப்பினேன்.

அவள் போகவில்லை.