முப்பத்தொரு வினாடி

சங்கிலியில் தொங்கிய அந்தக் கூடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உலையை விட்டு வெளியே வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் நான் தர ஆய்வாளர். உலையைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கூடை வெளியே வந்த நொடியிலிருந்து வாய்விட்டு எண்ணுவது அவர் வழக்கம். அன்று நான் ஓடிப்போய்ச் சங்கிலியை உலுக்கினேன். கூடை தண்ணீரில் விழுந்து ஆவி குப்பென்று எழுந்தபோது, "முப்பத்தொண்ணு சார்" என்றார்.

பத்து வினாடிக்குள் இறக்கியாக வேண்டும். அந்த அலுமினியத்தில் கலந்திருக்கும் மக்னீசியமும் சிலிக்கானும் ஐந்நூற்று முப்பது டிகிரி சூட்டில், வெந்நீரில் உப்பு கரைவதுபோல் உலோகத்துக்குள்ளேயே கரைந்துவிடும். சட்டென்று குளிர்வித்தால் கரைந்தது அப்படியே உள்ளே அடைபட்டு நிற்கும். பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைக்கும்போது நுண்ணிய துகள்களாகி வலுவைத் தரும். காற்றில் ஆறவிட்டாலோ கண்டபடி திரண்டு ஒதுங்கிவிடும். அப்புறம் மிதமான சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தாலும் போதிய வலு ஏறாது. முதலிலிருந்து சூடேற்ற வேண்டியதுதான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அன்று கூடையில் இருந்தவை செயற்கைக் காலின் முழங்கால் மூட்டுக்கான துண்டுகள்.

"இன்னொரு தபா உலையில போட்ரலாம் சார். ஒரு நாள்தானே லேட்டாவும்?" என்றார் அக்கா. மறுநாள் அனுப்புவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அவரிடம் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை. இரவெல்லாம் மிதமான சூட்டில் வைத்து எடுத்து, காலையில் மூன்று துண்டுகளின் கடினத்தன்மையைச் சோதித்தேன். இரண்டு தேறின, மூன்றாவது தேறவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு நான்காவதை எடுத்தேன், அது தேறியது. பிறகு அக்கா முப்பத்தொன்று என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் ஒன்பது வினாடி என்று எழுதி அவரிடம் நீட்டினேன்.

"நான் எண்ணுனது முப்பத்தொண்ணு சார்."

"தெரியும்க்கா. எதுனா வந்தா நான் பாத்துக்கிறேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

என்னை நம்பிப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அந்தத் துண்டுகளில் ஒன்றைப் பொருத்தியிருந்த ஒருவர் மாடிப்படியில் இறங்கும்போது மூட்டு வளைந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அனுப்பிய அத்தனையும் திரும்பி வந்தன. ஆய்வுக்கூடத்தில் துண்டை அறுத்துப் பார்த்தவர்கள், மெதுவாகக் குளிர்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். முதலாளி என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுத் தாளை முன்னால் போட்டார்.

"ஒன்பதுன்னு பொய் எழுதினது யாரு? கையெழுத்து யாருது?"

"அக்காவோடது சார்" என்றேன். கையெழுத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். மீதியை நான் சொல்லவில்லை. மறுநாள் அக்காவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று என் கைபேசியில் அவருடைய அழைப்பு இரண்டு முறை வந்தது. மேசைமேல் அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போன பொங்கலுக்கு முன்தினம், பெருங்களத்தூர் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஊருக்குப் போகும் கூட்டம் சாலை வரை வழிந்தது. நான் முகத்தைத் திருப்புவதற்குள் மகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையாம். உலைப் பக்கம் விடமாட்டேன் என்கிறார்களாம், பழைய இடத்தில் விசாரித்துவிட்டார்கள்.

"இவருதான்டி நான் சொல்லுவேனே, அந்த சாரு" என்றார் மகளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாட்ச்மேன் அண்ணன் எல்லாம் சொன்னாரு சார். எனக்காக மொதலாளியாண்ட அவ்ளோ பேசுனீங்களாமே. அப்பறம் ஒரு நன்றிகூட சொல்ல முடியல."

அவர் மனம் உடையக் கூடாதென்று காவலாளி ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். செங்கல்பட்டுப் பேருந்து வந்து நின்றது, கூட்டம் முண்டியது. இல்லை என்று சொல்ல அப்போதுகூட நேரம் இருந்தது.

நான் தலையாட்டினேன்.