உள்பக்கத்துச் சுத்தியல் தடம்

நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் பட்டறைக்காரிக்குப் பெரிய டிரைவர் ஒரு காலத்தில் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தார். அவருடைய முதல் லாரி பள்ளத்தில் உருண்டு முகம் நசுங்கிய வருடம் அது. கையில் சல்லிக்காசு இல்லை. அவள் ஒன்றும் கேட்காமல் கேபினைத் தட்டி நிமிர்த்தி, சாவியையும் கையில் கொடுத்து, "ஓட்டிக் கட்டுங்கண்ணே" என்று அனுப்பிவைத்தாள். பதினோரு தவணையில் கடைசிக் காசுவரை கட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு ஒருத்தருக்கும் பாக்கி வைத்ததில்லை என்பதைக் கேட்டவருக்கும் சொன்னார், கேட்காதவருக்கும் சொன்னார்.

சொல்லிக்கொள்ள அவருக்குத் தகுதி இருந்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கிளீனராக லாரியில் ஏறி, ஸ்டியரிங் பிடித்து, ஒன்றை இரண்டாக்கி, ஒன்பது லாரிக்கு முதலாளி ஆனவர். அதற்கெல்லாம் முன்னால், ஒரு மில் முதலாளி வீட்டில் தினமும் கார் துடைத்துக்கொண்டிருந்தார். உருண்டை மட்கார்டு, வட்ட விளக்கு, உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. ஒருநாள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததற்கு முதலாளியம்மா காதைத் திருகினாள். முப்பது வருடம் கழித்து அதே வீட்டு வாசலில், அதே காரை ரொக்கம் கொடுத்து வாங்கி, அதே சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தார். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?

லாரிகளை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தபின் அவர் பேரில் மிஞ்சியது அந்தக் கார் ஒன்றுதான். அதன்மேல்தான் ஒரு காலையில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து ஏறியது. இடது பக்க மட்கார்டு உட்கார்ந்துபோயிற்று. மிதிபட்ட சொம்பு மாதிரி ஆகிவிட்டது.

இன்சூரன்ஸ் ஆபீசில் போனை எடுத்த பெண், "எங்க லிஸ்ட்ல இருக்கற ஒர்க்ஷாப்ல விடுங்க சார். நீங்க ஒரு காசு கட்ட வேண்டாம்" என்றாள்.

போனார். கண்ணாடிச் சுவர், குளுகுளு அறை, டை கட்டிய மேனேஜர். அவன் காரை ஒரு சுற்று சுற்றினான். "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது சார். அதை வெட்டி எடுத்துட்டு ஃபைபர்ல செஞ்சு மாட்டிடலாம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம், கம்பெனி கட்டிடும். பெயின்ட் அடிச்சா உங்களுக்கே தெரியாது."

பெரிய டிரைவருக்குச் சுரீர் என்று ஏறியது. சட்டைப் பையில் அவர் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, துணி சுற்றியிருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அதுதான் மூன்றாவது கண். வேலை முடிந்து பளபளவென்று நின்ற ஒரு காரின் கதவில் அதை வைத்தார். தகரமாக இருந்தால் கப்பென்று பிடித்திருக்கும். அது வழுக்கிக் கீழே விழுந்தது. பெயின்ட்டுக்கு அடியில் பள்ளத்தை அடைக்கிற பட்டி மாவுதான் இருந்தது.

"இது கதவா, பட்டி மாவுல தட்டின ரொட்டியா?"

"சார், மெதுவா பேசுங்க. கஸ்டமர்லாம் இருக்காங்க."

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னியே! என் காந்தத்துக்குத் தெரிஞ்சிடுச்சு பாரு!"

அப்படியே காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பட்டறைக்காரிக்கு இப்போது ஐம்பது வயது. கீழே நாலு பேர் வேலை செய்தாலும் பழைய வண்டி என்றால் சுத்தியலை அவளேதான் எடுப்பாள். மட்கார்டுக்குள் கையை விட்டுத் தடவினாள்.

"தகரம் கிழியல. நிமிர்த்திடலாம். நாப்பத்திரண்டாயிரம் ஆகும். சர்வேயர் பார்த்தாச்சா?"

பார்க்கவில்லை. சேதத்தை மதிப்பிட வரவேண்டிய அந்த இன்சூரன்ஸ் ஆள் ஒன்பது நாளாக "நாளைக்கு வரேன்" என்கிறான். ஆனால் ஒன்பது லாரி ஓட்டியவனை ஒரு குமாஸ்தா காக்க வைக்கிறான் என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. நீ ஆரம்பி. முடிஞ்ச அன்னைக்கே காசு உன் கையில."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

பன்னிரண்டு நாள் வேலை. பள்ளத்துக்கு உள்ளே இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, வலது மட்கார்டில் அளவெடுத்த அட்டையை வைத்து வைத்துப் பார்த்து, வளைவை முன்பிருந்தபடியே கொண்டுவந்துவிட்டாள். ஒரு துளி பட்டி இல்லை. மேலே பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது.

பதின்மூன்றாம் நாள், பட்டறை விலாசத்தைப் பெரிய டிரைவர் வீட்டில் கேட்டுக்கொண்டு, கக்கத்தில் ஃபைலோடு வந்து நின்றான் சர்வேயர்.

"எங்க சார் டேமேஜ்?"

"இந்த மட்கார்டுதான்."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா? நல்லா ஆக்கியிருக்கு! பட்டி ஒரு பொட்டு இல்ல, பாரும்!" காந்தத்தை எடுத்து மட்கார்டு முழுக்க ஒட்டி ஒட்டிக் காட்டினார். ஒவ்வொரு இடத்திலும் கப், கப்பென்று பிடித்தது.

சர்வேயர் ஃபைலை மூடினான். "நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அடிபடாத வண்டி. கிளெய்ம் கிடையாது."

"யோவ்! கண்ணு இருக்கா உனக்கு? இத்தனை நாளா வரேன் வரேன்னு எங்கய்யா போன?"

கத்தி முடித்தபிறகுதான் பின்னால் சுத்தியல் சத்தம் நின்றுபோனது அவருக்கு உறைத்தது. பட்டறைக்காரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"பார்த்தாச்சுன்னு சொன்னீங்களேண்ணே."

அவர் காந்தத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"பொய் சொல்லி என்கிட்ட வேலை வாங்கியிருக்கீங்க. இப்போ நான் உழைச்சதும் பொய்யாப் போச்சு."

"அதோட இந்தப் பட்டறை எங்க லிஸ்ட்லயும் இல்ல" என்று சர்வேயர் எரிகிற தீயில் எண்ணெய் விட்டான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "லிஸ்ட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க. டேய், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழட்டுங்கடா. சார், நீங்க உள்ள குனிஞ்சு பாருங்க."

அவளுக்கு ஒரு வழக்கம். வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தாலும் உள்பக்கத்துக்குக் கறுப்பு பூச மாட்டாள். வண்டிக்காரர் படுத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பூசுவாள். எதை மூடினாள் என்று யாரும் பின்னால் கேட்டுவிடக் கூடாது என்பது அவள் பிடிவாதம். பெரிய டிரைவர் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை.

சர்வேயர் வெள்ளைச் சட்டையோடு முகம் சுளித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். செல்போன் வெளிச்சத்தில் அது தெரிந்தது. சுற்றிலும் அந்தக் காலத்துக் கறுப்புப் பூச்சு அப்படியே இருக்க, நடுவில் இரண்டு முழ அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து தகரம் மொட்டையாக இருந்தது. அதில் இரும்புக் கட்டையும் சுத்தியலும் பதித்த தடங்கள், கொட்டிய கடுகு மாதிரி நெருக்கி நெருக்கி. அவன் விரலால் தடவினான். டேப்பை வைத்து அளந்தான். படம் எடுத்தான்.

"எத்தனை அடிம்மா இது?"

"எண்ணல சார். அடிக்கு இவ்வளவுன்னு நான் கூலி வாங்கறதில்ல."

வெளியே வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "சேதம் உண்மைதான். எங்க லிஸ்ட் ஒர்க்ஷாப்ல கேட்டதில பாதிகூட இல்ல இந்தத் தொகை, நான் எழுதறேன். ஆனா நான் பார்க்கறதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சது உங்க தப்புன்னு நீங்க கைப்பட எழுதித் தரணும் சார். அதுக்குக் கொஞ்சம் பிடிப்பாங்க."

நாலாம் வகுப்புக் கையெழுத்தில், மூன்று வரி எழுத அரைமணி நேரம் ஆனது. 'என் தப்பு' என்று எழுதிய இடத்தில் பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது.

காரை எடுக்கப் போனவர் முன்னால் பட்டறைக்காரி கையை நீட்டித் தடுத்தாள். சாவி அவள் இடுப்பு வளையத்தில் தொங்கியது. "காசு வரட்டும்ணே. சாவி வரும்."

பதினெட்டாயிரம் கடன் இருந்தபோது சாவி கொடுத்தவள்! அவர் வீடுவரைக்கும் பற்களைக் கடித்துக்கொண்டே நடந்தார். கோபம் யார்மேல் என்று தேடிப் பார்த்தார். கம்பெனிமேல், சர்வேயர்மேல், தண்ணீர் லாரிக்காரன்மேல். சுற்றிச் சுற்றி அது அவர் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

ஐந்து வாரம் கழித்து முப்பத்து மூவாயிரம் வந்தது. ஒன்பதாயிரம் பிடித்துவிட்டார்கள்.

"லிஸ்ட்ல இருக்கற இடத்துல விட்டிருந்தா ஓசியில முடிஞ்சிருக்கும்" என்றான் மகன். "ஒன்பதாயிரம் நான் தரேன்ப்பா. ஆனா இதோட அந்த ஓட்டை வண்டிய வித்துடணும்."

"யாருக்குடா வேணும் உன் பிச்சை? ஏழாம் நம்பர் லாரிக்கு டிரைவர் வரலைன்னு புலம்பிட்டிருந்தல்ல? நான் ஓட்டறேன். டிரைவருக்கு என்ன குடுப்பியோ அதைக் குடு."

"அறுபத்தெட்டு வயசுல முதலாளி மறுபடி வேலைக்குப் போறாராக்கும்" என்றாள் மனைவி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "இடுப்புல எண்ணெய் தேய்க்க நான் வரமாட்டேன், ஆமா."

ஆறு நடை ஓட்டினார். ஒரு நடையில் சிமென்ட், ஒரு நடையில் கம்பி. இரவெல்லாம் இடுப்பு முறிந்தது. மகனிடம் கூலியை எண்ணி வாங்கினார், ஒரு நோட்டு கூடுதலாக இருந்ததைத் திருப்பி எறிந்தார்.

ஒன்பதாயிரம் சேர்ந்ததும் பட்டறைக்குப் போனார். அங்கே அவளைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உள்ள பார்த்தீங்களாண்ணே?" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்தரையில் மல்லாந்து படுத்து, வண்டிக்குக் கீழே நகர்ந்து போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முதுகெல்லாம் கிரீஸ்.

"சரியா இருக்கு. கறுப்பு பூசு."

அவள் கையைத் துணியில் துடைத்துவிட்டு நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது, சுத்தியல் பிடித்துக் காய்த்த கை. அவர் கம்பெனிப் பணத்தை முதலில் வைத்தார். பிறகு லாரியில் சம்பாதித்ததை அதன்மேல் ஆயிரம் ஆயிரமாக, எச்சில் தொட்டு, அவளுக்குக் கேட்கும்படி, பட்டறை முழுக்கக் கேட்கும்படி எண்ணினார்.

"...நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு."