பதினாறு மடங்குத் தொலைநோக்கி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று இருபதுக்கு மகளின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்று மணியோடு வேட்டை முடியும், முடிந்ததும் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் ஹேர்னிங்கில் நவம்பரில் நான்கு மணிக்கே இருண்டுவிடும். சமையலறை ஜன்னலை விட்டு என்னால் அசைய முடியவில்லை.

அவளுக்கு வெடி பட்டுவிடும் என்று நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. மானென்று நினைத்து யாரோ ஒருவரை அவள் சுட்டுவிட்டால்? வேட்டைப் பரீட்சையில் அவள் தேறிய நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

துவக்கு வாங்க நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, பாரமில்லாதது, மழைக்கும் தாங்கும். மற்றது மரப்பிடி. கறுப்பைத் தோளில் வைத்து அவள் சுவரைக் குறிபார்த்தாள். பின்னாலிருந்து பார்க்க, ஊரில் சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரர்களில் ஒருவரைப் போலிருந்தாள். நான் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது மரப்பிடித் துவக்கைத் தெரிவு செய்திருந்தாள்.

துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கிக்குத்தான் நான் வாய் திறந்தேன். ஆட்கள் காட்டுக்குள் நடந்து மான்களைக் கலைப்பார்கள், மான் கிட்டவாக ஓடிவரும், அதற்குக் குறைவாகப் பெருப்பிக்கும் கண்ணாடியே நல்லது என்றார் கடைக்காரர். காட்டுக்குள் ஆட்கள் என்றது மட்டுமே என் காதில் நின்றது. அவர் எடுத்துவைத்த இரண்டு கண்ணாடிகளாலும் தெருவைப் பார்த்தேன். சின்னதில், எதிரே பேக்கரி வாசலில் நின்றவர் வெறும் ஆளாகத் தெரிந்தார். பதினாறு மடங்குவரை கூட்டிக் குறைக்கக்கூடிய மற்றதில் அவருடைய கோட்டுப் பொத்தானே தெரிந்தது. பொத்தான் தெரிந்தால் ஆளை மானென்று யார் நினைப்பார்கள்? இதையே வாங்கு என்று பிடிவாதமாக நின்றேன். துவக்கு எனக்கு, கண்ணாடி அம்மாவுக்கு என்று மகள் கடைக்காரரிடம் டேனிஷில் சொல்லிச் சிரித்தாள்.

ஐந்தரை மணியளவில் கார் வந்தது. சப்பாத்தெல்லாம் சேறு, தோளில் துவக்குப் பை. குளிரில் தொலைபேசி செத்துவிட்டதாம். விழுந்த மான்களை ஊசியிலைக் கொப்புகளில் கிடத்திக் கொம்பூதும்வரை எல்லோரும் தொப்பி கழற்றி நிற்க வேண்டுமாம். பிறகு சூப் குடிக்காமல் விடவில்லையாம். நான் ஒன்றையே கேட்டேன்.

"சுட்டனியே, பிள்ளை?"

"இல்லையம்மா. மான் நல்லாக் கிட்ட வந்தது. கண்ணாடியை எவ்வளவு குறைச்சும் மயிர் மட்டும்தான் தெரிஞ்சது. பின்னால ஆர் நிக்கினம் எண்டு தெரியேல்லை. அதால துவக்கைப் பதிச்சிட்டன்."

பையைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை போய்ச் சின்னக் கண்ணாடியை வாங்குவம். நீங்களும் வாங்கோ. இந்த முறை வெளியில போய் நிக்காதேங்கோ."