பன்னிரண்டாவது நாவலின் கடைசி நாற்பது பக்கம்

போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வேலூர் பஸ்ஸில் வரும் என் மகள் ஆம்பூரில் இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம். அன்று அவள் வரவில்லை. நான் கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல, ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் வேலூரில் காலேஜ் சேர்ந்ததிலிருந்து என் நிம்மதி போய்விட்டது. பஸ் ஏறினாயா என்று ஒரு போன், பள்ளிகொண்டா தாண்டியாயிற்றா என்று ஒரு போன், மாதனூர் வரும்போது இன்னொன்று. அவளுடைய தோழிகள் எனக்கு ‘கண்டக்டர் ஆன்ட்டி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் அவள் நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“அம்மா, நீ ஜாஸ்தி பேஜார் பண்றே. இனிமே எனக்குப் போன் பண்ணணும்னு கை அரிச்சா, இதுல ஒரு பக்கம் படி. மாசம் ஒண்ணு, வருஷத்துக்குப் பன்னெண்டு. எல்லாம் பழைய பெரிய எழுத்தாளருங்க. உன்னால முடியாது, பந்தயம் கட்றேன்.”

முடியாது என்றதால்தான் ஏற்றுக்கொண்டேன். முதல் புத்தகத்தில் பத்துப் பக்கம் தாண்ட ஒரு வாரம் ஆனது. நீள நீளமான வாக்கியங்கள். முடிவதற்குள் யார் பேசுகிறார் என்பதே மறந்துவிடும். மூன்றாவது புத்தகத்தில் பிடித்துக்கொண்டது. கம்பெனி பஸ்ஸில் படித்தேன், குக்கர் விசிலுக்கு நடுவே படித்தேன். சாப்பாட்டு வேளையில் செக்கிங் பிரிவுத் தோழி டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே, “அந்தப் பொண்ணு இன்னா ஆனா, புருஷன் வந்து இட்டுக்குனு போனானா இல்லியா?” என்று கதையைக் கேட்பாள். ஏழாவது நாவலின்போது மகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு போன் என்று குறைந்தது. ஒன்பதாவதில் அதுவும் நின்றது. நான் மாறிவிட்டேன் என்று எனக்கே பெருமை.

அந்த வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்தது பன்னிரண்டாவது நாவலின் கடைசி நாற்பது பக்கம். ஐந்து நாற்பதுக்குக் கை போனை நோக்கிப் போனது. பக்கத்தைத் திருப்பினேன். ஆறு மணிக்கு வாசலை எட்டிப் பார்த்தேன். தோழிகளோடு நிற்பாள், பழைய மாதிரி ஆகக் கூடாது என்று என்னையே அதட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். ஆறு ஐம்பதுக்குக் கடைசி வரி. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, ‘முடிச்சுட்டேன்’ என்று எழுதி அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஒரே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அவள் தோழியைக் கூப்பிட்டேன். நாலரை மணி பஸ்ஸிலேயே ஏறிவிட்டாளே ஆன்ட்டி என்றாள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு கண்டக்டர், சாயந்திரம் வேறொரு பஸ்ஸில் காலேஜ் பெண் ஒருத்தி மயங்கி, கம்பியில் தலை மோதி விழுந்ததாகவும், மாதனூரில் இறக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். ரத்தம் வந்ததா என்று கேட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மாதனூர் பக்கம் போகும் பஸ்ஸின் படியில் கால் வைக்கும்போது எதிர் வீட்டுக்காரரின் போன் வந்தது. உங்கள் வாசலில் ஆட்டோ நிற்கிறது, பாப்பா வந்துவிட்டாள் என்றார்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. மகளின் புருவத்துக்கு மேல் நாலு தையல். என் வயதுள்ள ஒரு பெண் அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். மாதனூர்க்காரர், அவரும் ஷூ கம்பெனித் தொழிலாளிதான். அன்று லீவு போட்டு வேலூர் லாங் பஜாரில் துணி எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் வந்திருக்கிறார். யாரென்றே தெரியாத பெண்ணோடு இறங்கி, கிளினிக்கில் சேர்த்து, தையல் போட்டு, குளுக்கோஸ் ஏறி முடியும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மகளுக்குத் தெளிந்தபோது வீட்டு முகவரி சொல்ல முடிந்தது. என் நம்பர் அவளுக்கு மனப்பாடமாக இல்லை.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். பந்தயத்தில் தோற்றதை ஒப்புக்கொண்டாள். பன்னிரண்டு நாவல் படித்ததில் எனக்கு இன்றும் பெருமைதான், பதின்மூன்றாவதும் ஓடுகிறது. ஆனால் ஐந்து நாற்பதுக்கு அவள் வரவில்லை என்றால் கூச்சப்படாமல் ஒரு போன் போட்டுவிடுகிறேன். விசாரிப்பது எல்லாமே பயத்தால் அல்ல என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதைப் புரியவைத்தவர் அந்த மாதனூர்ப் பெண். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மகளின் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் அவர் சொன்னது இது:

“லாக் போட்டிருந்துச்சுக்கா, எனக்குத் திறக்க வரல. வீட்லேர்ந்து எப்படியும் கூப்புடுவாங்க, எடுத்துச் சொல்லிக்கலாம்னு கையிலேயே வெச்சுக்குனு உக்காந்திருந்தேன். சார்ஜ் தீர்ற வரைக்கும் ஒரு போனும் வரல. பாவம், இந்தப் பொண்ணுக்கு யாரும் இல்ல போலன்னு நெனச்சுட்டேன்.”