கேஸ் முடியட்டும்

விஜயபுரத்தில் கோவர்த்தனனைப் பேச்சில் வென்றவர் யாரும் இல்லை. பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்து சீட்காரரின் வீட்டுச் சங்கதி முழுக்க அவருக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில், "சோறு துன்னும்போதாவது வாயை மூடு மாமா" என்று அவர் மனைவி காஞ்சனா அக்கா அலுத்துக்கொள்வது பக்கத்து வீட்டில் எங்களுக்குக் கேட்கும்.

நிலத்தில் கடலைக்காய் போட்டு மழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுத் தொழிற்சாலைகள் வந்ததும் ஊர்ப் பையன்களோடு கிளம்பிப் போனார். ஒருநாள் வேலைக்கு ஆள் ஏற்றிப்போன வேன் லாரியில் மோதியது. தலையில் பலத்த அடி. பிழைத்தார்; ஆனால் வலது கை தொங்கிப்போயிற்று, கால் இழுத்தது, பேச்சும் போயிற்று.

நான் அப்போது ஊரில் இல்லை. படிப்பு, வேலை என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் பின்னால் அக்காதான் சொன்னாள், பெரும்பாலும் திருப்பதி பஸ்ஸில்.

திருப்பதியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பத்மினி மேடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: எதையும் நீயாகக் கையில் கொடுக்காதே, அவரே வாய்விட்டுக் கேட்கட்டும். அக்கா தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருப்பாள். சில மாதங்களில் 'தண்ணி' வந்தது. பிறகு 'காஞ்சு' வந்தது. அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கொடுத்தாளாம்.

நஷ்டஈட்டு வழக்கு சித்தூர் கோர்ட்டில் நடந்தது. வக்கீலின் குமாஸ்தா வரதராஜன் கெட்டவர் இல்லை, இவர்களுக்காக அலைந்தவர். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து கோவர்த்தனன் 'வா' என்றதும் குமாஸ்தாவின் முகம் மாறிவிட்டது.

"பேசறாருன்னு தெரிஞ்சா ஊனம் பர்சென்டேஜ் கொறைஞ்சிடும்மா, பணமும் கொறைஞ்சிடும். மெடிக்கல் போர்டு எழுதறதுதான் கோர்ட்டுல நிக்கும். கேஸ் முடியட்டும், அப்புறம் எவ்ளோ வேணா பேசட்டும்."

வீட்டில் வேறு சம்பாதிக்க ஆள் இல்லை. அக்கா திருப்பதி போவதை நிறுத்தினாள். அவர் வாயைத் திறந்தால் தன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு பழகிவிட்டார். கேட்பதற்கு முன்பே சொம்பு அவர் கைக்கு வந்துவிடும்.

போர்டுக்குப் போன அன்று டாக்டர் பெயரைக் கேட்டார். கோவர்த்தனனின் உதடு குவிந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வாயை மூடிக்கொண்டார். டாக்டர் குனிந்து எழுதினார்.

"சொன்ன பேச்சை எத்தினி நல்லா கேட்டாரு தெரியுமா" என்று என்னிடம் சொல்லும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாய்தாமேல் வாய்தாவாகப் போய், வருஷங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. பணமும் வந்தது. அந்த விஷயத்தில் வரதராஜன் சொன்னது தப்பில்லை. நான் ஊர் திரும்பியதும் அந்தச் சமயத்தில்தான். வீட்டில் கால் தரிக்காத எனக்கு, மறுபடியும் பயிற்சிக்குக் கிளம்பிய அவர்களோடு திருப்பதிக்குப் போய்வருவது பிடித்திருந்தது.

பத்மினி மேடம் திட்டவில்லை. அடிபட்ட முதல் வருஷத்தில் திரும்பி வருவது பிறகு அவ்வளவு சுலபத்தில் வராது என்று மட்டும் சொன்னார். மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, "கோவர்த்தனன்காரு, இது வேணுமா? கேளுங்க" என்றார்.

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"கேளு மாமா. கேஸ் முடிஞ்சிடுச்சி."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார்.

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே மேடம் அதே கேள்வியை மறுபடியும் மறுபடியும் கேட்பது காதில் விழுந்தது. நாற்காலி நகர்ந்தது. கோவர்த்தனன் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, இடது கையால் அவள் முந்தானையை விலக்கினார். பிறகு அதே கையின் விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டு, சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.